'புக்ல இப்படி இல்லையே!': பொன்னியின் செல்வன் நாவல் - படம் சண்டை ஏன் இன்னும் ஓயவில்லை?

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் யாராவது ஒருவர் பொன்னியின் செல்வன் புத்தகத்தைக் கையில் எடுத்தால் போதும். பக்கத்து சீட்டில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "படம் பாத்தீங்களா?" அடுத்த கேள்வி, "மணிமேகலையை ஏன் சார் தூக்கிட்டாங்க?" சானடோரியத்தில் தொடங்கும் பேச்சு கிண்டி வந்தாலும் முடியாது.

மணிரத்னம் இயக்கிய முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-ம் தேதியும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ம் தேதியும் வெளியாகின. படம் தியேட்டரை விட்டுப் போய் வெகு நாளாகியும், டிவியில் ஓடும் ஒவ்வொரு முறையும் அதே சண்டை மறுபடியும் கிளம்புகிறது. நாவலுக்குப் படம் உண்மையாக இருந்ததா, இல்லையா?

அப்படி என்னதான் மாற்றினார்கள்? இதில் எந்தத் தரப்பு சரி? விரிவாகப் பார்ப்போம்.

(எச்சரிக்கை: நாவலை இன்னும் படிக்காதவர்களுக்கு, கதையின் முக்கிய ரகசியங்கள் இந்தக் கட்டுரையில் உடைக்கப்படுகின்றன.)

இது ஏன் வீட்டுச் சண்டை மாதிரி நடக்கிறது?

பொன்னியின் செல்வன், கல்கி வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை தொடராக வந்தது. மூன்றரை ஆண்டுகள் வாரம் தவறாமல் காத்திருந்து படித்த தலைமுறை, தொடர் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்துக்கொண்டது. பரணில் ஏறிய அந்த பைண்டு புத்தகங்கள், வாடகை வீடு மாறும்போதெல்லாம் கூடவே மாறின. வேலைக்காக டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்து குரோம்பேட்டை, சேலையூர் கேம்ப் ரோடு, முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் குடியேறிய குடும்பங்களுக்கு இது கூடுதல் நெருக்கமான புத்தகம். குடந்தை, பழையாறை, தஞ்சாவூர், திருவையாறு என்று நாவலில் வரும் பெயர்கள் அவர்களுக்குச் சொந்த ஊரும் அக்கம்பக்கமும்.

பின்னாளில் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அதனால் எந்தப் பதிப்பகமும் நாவலை அச்சிடலாம் என்றானது. மலிவு விலைப் பதிப்புகள் பெருகின. அடுத்த தலைமுறை அதில் படித்தது. அதற்கும் அடுத்த தலைமுறை ஆடியோ புத்தகத்தில் கேட்டது.

எனவே 2022-ல் அதிகாலை 4.30 மணிக் காட்சி தொடங்கியபோது, தியேட்டருக்குள் போன கூட்டத்தில் இரண்டு வகை இருந்தது. ஒரு வகைக்கு இது மணிரத்னம் படம். இன்னொரு வகைக்கு இது பாட்டி சொன்ன கதை. இந்த இரண்டாவது வகை எதையும் சும்மா விடாது.

ஐந்து பாகத்தை ஐந்தரை மணி நேரத்தில் சொல்ல முடியுமா?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணி மகுடம், தியாக சிகரம் என நாவல் ஐந்து பாகங்கள். மொத்தம் கிட்டத்தட்ட 300 அத்தியாயங்கள். இரண்டு படங்களையும் சேர்த்தால் சுமார் ஐந்தரை மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஒரு அத்தியாயத்துக்குக் கிடைப்பது ஒரு நிமிடம் சொச்சம்.

ஆக, 'எதையும் விடாமல் எடுத்திருக்கணும்' என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது. தீவிர ரசிகர்களும் இதை ஒப்புக்கொள்கிறார்கள். அவர்களுடைய கேள்வி வேறு: விட்டது சரி, எதை விட்டார்கள்? விட்ட இடத்தில் எதை வைத்தார்கள்?

தொடக்கமே ஏன் மாறியது?

நாவல் ஆடிப்பெருக்கு நாளில் தொடங்குகிறது. வந்தியத்தேவன் குதிரையில் வீராணம் ஏரிக்கரைக்கு வருகிறான். சண்டை கிடையாது, ரத்தம் கிடையாது. தண்ணீர், கூட்டம், சோறு, பாட்டு. (சென்னைவாசிகளுக்கு ஒரு தகவல்: 2004-ல் நிறைவேறிய புதிய வீராணம் திட்டத்தில் குழாய் வழியாக போரூர் வரை வருவது இதே ஏரியின் தண்ணீர்தான்.)

படம் கமல்ஹாசனின் குரலில், வால் நட்சத்திரத்தோடு தொடங்கி, நேராக ராஷ்டிரகூடர்களுடனான போர்க்களத்துக்குப் போகிறது. ஆதித்த கரிகாலனாக விக்ரம் அங்கேயே அறிமுகமாகிவிடுகிறார்.

நாவலில் கரிகாலன் நேரில் வரும் முதல் இடம் மாமல்லபுரம். அதற்குள் வாசகர் பல அத்தியாயங்களைத் தாண்டியிருப்பார். அதுவரை மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் அவரைப் பற்றிய பயமும் பரிதாபமும் நமக்குள் ஏறும். தொடர்கதையில் ஒருவரை இப்படிக் காக்க வைக்க முடியும். படத்தில் நாயகர்களில் ஒருவரை ஒரு மணி நேரம் கழித்துக் காட்டினால் ஜனங்கள் தாங்க மாட்டார்கள்.

இந்த மாற்றத்தைப் பெரும்பாலான ரசிகர்கள் மன்னித்துவிட்டார்கள். அடுத்த இரண்டைத்தான் மன்னிக்கவில்லை.

மணிமேகலை இல்லாதது ஏன் பெரிய விஷயம்?

கடம்பூர் சம்புவரையரின் மகள் மணிமேகலை. வந்தியத்தேவனின் நண்பன் கந்தமாறனின் தங்கை. வந்தியத்தேவன் மேல் ஒருதலைக் காதல். படத்தில் கந்தமாறன் இருக்கிறான், கடம்பூர் மாளிகை இருக்கிறது, மணிமேகலை இல்லை.

'சின்ன கேரக்டர்தானே, போனா போகுது' என்று படத்தை ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். ஆனால் கதையில் அவள் இருக்கும் இடத்தைப் பாருங்கள்.

கரிகாலன் கொல்லப்படும் இரவில் அந்த மாளிகையில் அவளும் இருக்கிறாள். பழி வந்தியத்தேவன் மேல் விழும்போது, அவனைக் காப்பாற்ற 'நான்தான் கொன்றேன்' என்று சொல்கிறாள். இன்னொரு பக்கம் பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன் மேல் ஏற்றுக்கொள்கிறார். கொன்றது யார் என்று கேட்டால் 'நான், நான்' என்று ஆட்கள் முன்வருகிற கொலை வழக்கு அது. உண்மையில் யார் கை என்பதைக் கல்கி கடைசி வரை மங்கலாகவே விட்டுவிட்டார்.

அதைவிட முக்கியமான ஒன்று: நாவலின் கடைசி அத்தியாயம் மணிமேகலையின் மரணம். சோழப் பேரரசின் கதையைச் சொல்லிவந்தவர், பட்டாபிஷேகத்தோடு முடிக்காமல், யாருடைய அன்பையும் பெறாத ஒரு பெண்ணின் சாவில் முடிக்கிறார். முகம் தெரியாத ஒருத்தியின் இழப்புதான் வாசகர் கையில் கடைசியாக மிஞ்சுகிறது.

படம் முழுக்க அந்தக் கனத்தை கரிகாலன் - நந்தினி சந்திப்பின் மேல் ஏற்றிவிட்டது. விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் எதிரெதிரே நிற்கும் கடம்பூர் காட்சிதான் இரண்டாம் பாகத்தின் உச்சம். சினிமாவாக அது பலருக்குப் பிடித்தது. ஆனால் 'படம் பாத்தேன், கதை தெரியும்' என்று சொல்லும் ஒருவருக்கு நாவலின் கடைசிப் பக்கம் யாரைப் பற்றியது என்றே தெரியாது. வாசகர்களின் கோபம் இதில்தான்.

மகுடம் யார் தலையில்? உண்மையான சண்டை இதுதான்

மணிமேகலையைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. இதைப் புரிந்துகொண்டால் மொத்த விவாதமும் புரிந்துவிடும்.

நாவலில் நடப்பது இது:

* செம்பியன் மாதேவிக்குப் பிறந்த குழந்தை இறந்துவிட்டதாக நினைத்து, மந்தாகினியின் குழந்தையை அவரிடம் கொடுத்து வளர்க்க வைக்கிறார்கள். அந்தக் குழந்தைதான் அரண்மனையில் மதுராந்தகன் என்ற பெயரில் வளர்கிறது.
* இறந்ததாக நினைத்த குழந்தை உயிரோடு இருக்கிறது. அது வாணி அம்மையிடம் வளர்கிறது. அவன்தான் தஞ்சையில் கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கும் சேந்தன் அமுதன்.
* கடைசியில் உண்மை வெளியே வருகிறது. பட்டாபிஷேகத்தன்று அருள்மொழிவர்மன் தனக்கு வந்த மகுடத்தை எடுத்து சேந்தன் அமுதன் தலையில் வைக்கிறார். அவரே உத்தம சோழர். அவர் மணந்த படகுக்காரப் பெண் பூங்குழலி ராணி ஆகிறாள்.

படத்தில் இந்த ஆள் மாறாட்டம் அடியோடு இல்லை. ரகுமான் நடித்த மதுராந்தகர்தான் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன். அருள்மொழி மகுடத்தை அவருக்கே விட்டுக்கொடுக்கிறார். சேந்தன் அமுதன் படத்தில் உண்டு, ஆனால் அரச ரகசியம் எதுவும் அவனிடம் இல்லை. பூங்குழலியின் கதையும் பாதியில் நின்றுவிடுகிறது. நாவலில் இல்லாத ஒரு ராஷ்டிரகூடப் போரும் முடிவில் சேர்கிறது.

இதனால் என்ன ஆகிவிட்டது?

நாவலின் கடைசிப் பாகத்துக்குப் பெயரே தியாக சிகரம். ராஜ்யமே வேண்டாம், பூ கட்டினால் போதும் என்று இருக்கும் ஒருவனைத் தேடிப் பிடித்து, அவன் தலையில் மகுடத்தை வைக்கும் தியாகம் அது. விட்டுக்கொடுப்பவருக்கும் ஆசை இல்லை, வாங்கிக்கொள்பவருக்கும் ஆசை இல்லை.

படத்தில் மகுடத்தைப் பெறுபவர் அதற்காகச் சதி செய்தவர். தனக்கு எதிராக நின்றவருக்கே அருள்மொழி விட்டுக்கொடுக்கிறார். 'எதிரிக்குக் கொடுக்கறதுதானே பெரிய தியாகம்?' என்பது படத்தரப்பு வாதம். 'ஆசைப்பட்டவனுக்கே கொடுத்தா அது சமரசம், தியாகம் எங்க இருக்கு?' என்பது நாவல் தரப்பு பதில்.

ஒரு காட்சி போனது, ஒரு வசனம் மாறியது என்ற அளவில் நிற்கும் சண்டை இல்லை இது. கதை எதைப் பற்றியது என்பதிலேயே இரண்டு தரப்பும் வேறுபடுகின்றன.

வரலாறு யார் பக்கம்?

இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது. நாவலுக்கு உண்மையாக இல்லாத இந்த இடத்தில், வரலாற்றுக்குப் பக்கத்தில் நிற்பது படம்தான்.

வரலாற்றில் உத்தம சோழர், கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மகன். அவருக்குப் பிறகு 985-ல் ராஜராஜன் பட்டத்துக்கு வருகிறார். அருள்மொழிவர்மன் உத்தம சோழருக்கு ஆட்சியை விட்டுக்கொடுத்த செய்தியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. குழந்தை மாற்றம், பூ கட்டும் இளைஞன் எல்லாம் கல்கியின் கற்பனை.

நந்தினியும் கற்பனைதான். பூங்குழலியும் கற்பனைதான்.

கரிகாலன் கொலை மட்டும் கற்பனை இல்லை. காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் உடையார்குடி கோயிலில் ராஜராஜனின் 2-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியவர்களைக் குறிப்பிட்டு, அவர்களுடைய மற்றும் உறவினர்களுடைய சொத்துகள் பறிக்கப்பட்டதை அது சொல்கிறது. நாவலில் வரும் ரவிதாசன் என்ற பெயர் இந்தக் கல்வெட்டில் உள்ளது. நாவல் தொடங்கும் வீராணம் ஏரிக்கு மிக அருகில்தான் இந்தக் கோயிலும் இருக்கிறது.

ஆக, கல்கியே வரலாற்றை அப்படியே எழுதவில்லை. கல்வெட்டில் கிடைத்த நாலைந்து வரிகளை எடுத்து, இடைவெளிகளைத் தன் கற்பனையால் நிரப்பினார். கல்கி வரலாற்றிடம் எடுத்துக்கொண்ட அதே உரிமையை மணிரத்னம் கல்கியிடம் எடுத்துக்கொண்டார் என்று வாதிட இடம் இருக்கிறது.

இதில் ஆபத்தும் இருக்கிறது. நாவலைப் படித்து அதுதான் சோழ வரலாறு என்று நம்பியவர்கள் முன்பே உண்டு. இப்போது படத்தைப் பார்த்து அதுதான் வரலாறு என்று நம்புபவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளை ஒன்று 'நந்தினி நிஜமாவே இருந்தாங்களா?' என்று கேட்டால், 'இல்லை' என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.

மனசுக்குள் இருந்த முகங்கள்

கதை, வரலாறு தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதுதான் வாசகர் மனசில் ஓடிய படம்.

தொடராக வந்தபோது ஓவியர் மணியம் வரைந்தார். குந்தவையின் கொண்டை, நந்தினியின் ஆண்டாள் கொண்டை, பழுவேட்டரையரின் மீசை எல்லாம் அவர் வரைந்தபடியே வாசகர் மனசில் பதிந்தன. பின்னாளில் வினு, பத்மவாசன் போன்றவர்களும் வரைந்தார்கள்.

'த்ரிஷா குந்தவையா பொருந்திட்டாங்க', 'கார்த்தி அப்படியே வந்தியத்தேவன்', 'ஆனா ஆழ்வார்க்கடியான் இன்னும் வாய் பேசணும்' என்று நடக்கும் விவாதங்கள் எல்லாம் உண்மையில் மணியம் ஓவியத்துக்கும் படத்துக்குமான ஒப்பீடுதான். நந்தினி, மந்தாகினி இருவருக்கும் ஐஸ்வர்யா ராயையே நடிக்க வைத்தது நாவலுக்கு நேர் விசுவாசம். இருவருக்கும் ஒரே முகச்சாயல் என்பது கதையிலேயே உண்டு.

சிரிப்பு குறைந்தது என்ற புகாரும் வலுவானது. ஆழ்வார்க்கடியான் கைத்தடியோடு சைவர்களிடம் வம்புக்கு நிற்பதும், வந்தியத்தேவனோடு வாய்ச்சண்டை போடுவதும் நாவலில் பக்கம் பக்கமாக வரும். ஜெயராமும் கார்த்தியும் அதில் ஒரு பங்கைத்தான் தர முடிந்தது.

ஏன் இவ்வளவு காலம் யாரும் எடுக்கவில்லை?

கல்கியின் கதைகள் சினிமாவுக்குப் புதிதல்ல. 1939-ல் கே.சுப்ரமணியம் இயக்கிய தியாகபூமி, படமும் தொடர்கதையுமாக ஒரே காலத்தில் வளர்ந்தது. இதழில் கதையோடு படத்தின் புகைப்படங்களே வெளிவந்தன. கள்வனின் காதலி 1955-லும், பார்த்திபன் கனவு 1960-லும் படங்களாகின.

பொன்னியின் செல்வனை எடுக்க 1958-லேயே எம்.ஜி.ஆர். முயன்றார். பின்னாளில் இயக்குநராகப் புகழ்பெற்ற மகேந்திரன் அதற்குத் திரைக்கதை எழுதினார். படம் நடக்கவில்லை. பிறகு கமல்ஹாசனும் முயன்றார்.

முழுக்கதையையும் முதலில் ஒரே மூச்சில் காட்டியது நாடக மேடைதான். 1999-ல் மேஜிக் லேன்டர்ன் குழு சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் இதை நாடகமாக்கியது. அதற்கு எழுதிய இளங்கோ குமரவேல்தான் மணிரத்னத்தோடு சேர்ந்து படத்தின் திரைக்கதையையும் எழுதினார். வசனம் ஜெயமோகன். அதாவது, வெட்டியவர்களில் ஒருவர் இந்த நாவலோடு கால் நூற்றாண்டாகப் பழகியவர். தெரியாமல் வெட்டிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு நிற்காது.

வெளிநாட்டிலும் இதே கதைதானா?

ஆமாம். டோல்கியன் எழுதிய லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் 2001-ல் படமாக வந்தபோது, டாம் பாம்படில் என்ற பாத்திரம் இல்லை என்று ரசிகர்கள் வருந்தினார்கள். இன்றும் வருந்துகிறார்கள். ஹாரி பாட்டரில் ஏழு புத்தகங்களுக்கு எட்டுப் படங்கள் எடுத்தும், பள்ளியில் குறும்பு செய்யும் பீவ்ஸ் என்ற பூதம் ஒரு படத்திலும் வரவில்லை. இப்போது ஹாரி பாட்டரை ஒரு புத்தகத்துக்கு ஒரு சீசன் என்ற கணக்கில் தொடராக எடுக்கப்போவதாக 2023-ல் அறிவித்தார்கள்.

பொன்னியின் செல்வன் ரசிகர்களில் பலர் சொல்வதும் இதுதான்: 'இதை வெப் சீரிஸா எடுத்திருக்கணும்.' வாராவாரம் வந்த கதைக்கு, வாராவாரம் வரும் வடிவம்தான் பொருந்தும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு தொடர்கதை கேள்விகளைத் திறந்து வைத்தே ஓடும். இரண்டு பாகத்தில் முடிய வேண்டிய படம் கேள்விகளை மூடியே ஆக வேண்டும்.

சரி, யார் சொல்வது சரி?

'நாவலுக்கு உண்மையா?' என்ற கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

* சம்பவங்களுக்கு உண்மையா? பாதி. முக்கியத் திருப்பங்கள் பல இருக்கின்றன, முடிவு மாறிவிட்டது.
* வரலாற்றுக்கு உண்மையா? மதுராந்தகர் விஷயத்தில் நாவலைவிடப் படம் பக்கத்தில் நிற்கிறது.
* நாவலின் மனசுக்கு உண்மையா? இங்கேதான் படம் தோற்றது என்று வாசகர்கள் சொல்கிறார்கள். பூ கட்டுபவன் ராஜா ஆவதும், படகு ஓட்டுபவள் ராணி ஆவதும், கடைசிப் பக்கம் ஒரு மணிமேகலைக்குப் போவதும் படத்தில் இல்லை. அரண்மனைக்கு வெளியே இருந்தவர்களுக்குக் கல்கி கொடுத்த இடம் அது.

எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்று தெளிவாகிவிட்டால் ரயில் சண்டை பாதியாகக் குறையும். படத்தை மட்டும் பார்த்தவர்கள் மீதியைத் தெரிந்துகொள்ள ஐந்து பாகத்தையும் உடனே படிக்க வேண்டும் என்றில்லை. தியாக சிகரத்தின் கடைசிச் சில அத்தியாயங்களைப் புரட்டினாலே, படம் எங்கே வேறு வழியில் திரும்பியது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. முடிவு பிடிக்கவில்லை என்ற புகார் மணிரத்னத்துக்கு மட்டும் வந்தது இல்லை. 1954-ல் தொடர் முடிந்தபோது, திடீரென்று முடித்துவிட்டதாகவும், அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்றும் வாசகர்கள் கல்கியையே கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு முடிவுரை எழுத வேண்டியதாயிற்று. நாவலின் கடைசியில் அது இன்றும் இருக்கிறது.